அரிச்சுவடிக்கு அப்புறம்

குழந்தைக்கு எழுத்துத் தெரிந்துவிட்டது என்று பெற்றோர் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி நிம்மதி. கல்யாணத்துக்குப் பிறகுதான் குடித்தனம் என்று ஒன்று இருக்கிறது என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. எழுத்து விஷயமும் அப்படித்தான். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று கணக்குச் சொல்லி அரிச்சுவடியை மூடிவைத்த மறுநாள் என்ன செய்வது? அந்த மறுநாளில்தான் அநேகம் குழந்தைகள் புஸ்தகத்தை விட்டு ஓடிப்போகின்றன.

எனக்கு இதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாசகர்கள் வேண்டும். ஆறு வயதில் ஓடிப்போனவர்கள் நாற்பது வயதில் திரும்பி வருவது அபூர்வம்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய பேத்தி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் இருந்தாள். அந்த ஆறு மாதமும் அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டில் வாய் ஓயாத பெண், வகுப்பில் ஊமை. கடைசியில் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அழைத்துவந்துவிட்டார்கள். தாயார் பொறுமைசாலி. ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெல்லாம் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டாள். வருகிற ஜூனில் மறுபடியும் பள்ளிக்கூடம். அதற்குள் சரளமாக வாசிக்க வராவிட்டால் பெண் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள் என்று எல்லோருக்கும் பயம்.

"எழுத்தெல்லாம் முடிச்சுட்டா வே. இனி என்ன படிக்கச் சொல்லணும்? நீரு புஸ்தகம் எழுதுத ஆளு, சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

ஆச்சிக்குப் பயம் கிடையாது. "ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே! திருச்செந்தூர் முருகன் பேச வைக்கலையா?" என்றாள். நல்ல வாதம்தான். ஆனால் முருகனையே நம்பி அரிச்சுவடிக்கு அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா?

நம் பெரியவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத்தை எழுதி, உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அடுத்தது ஆத்திசூடி. யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு! ஒரு வரிக்குப் பெரும்பாலும் இரண்டே சொல். வரிகள் அகர வரிசையில் வருவதால், பிள்ளை படித்த எழுத்துக்கள் அதே வரிசையில் அர்த்தத்தோடு திரும்பி வருகின்றன. அதற்குப் பிறகு கொன்றை வேந்தன். ஒரு முழு அடி. பிறகு மூதுரையும் நல்வழியும், நாலடி வெண்பா. எழுத்து, சொல், அடி, பாட்டு என்று படிப்படியாக ஏறுகிற ஏணி. அந்த ஏணியில் ஒரு படியை நம் சீமையே கொடுத்தது. தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய வெற்றிவேற்கையும் பிள்ளைகளின் பாடமாக இருந்தது. நைடதம் பாடிய கவிராஜர் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுவதைக் குறைச்சலாக நினைக்கவில்லை என்பதை எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கேலி செய்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தாம் நடத்திய அநாதைப் பள்ளியில் அதைப் பின்பற்றினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புஸ்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஆனாலும் அந்த ஏணியில் ஒரு குறை உண்டு. அது நாக்குக்கும் ஞாபகத்துக்கும் போட்ட ஏணி. பிள்ளை முதலில் ஒப்பிக்கும். அர்த்தம் பத்து வருஷம் கழித்து வரும். வாயைத் திறக்கப் பயப்படுகிற பெண்ணுக்கு ஒப்பிப்பதைப் போல ஒரு தண்டனை வேறில்லை. எனவே ஆத்திசூடியைச் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தினம் ஒரு வரி. யாரும் ஒப்பிக்கச் சொல்லக் கூடாது.

பிறகு அவள் வாசிப்பதைக் கேட்டேன். எங்கே தடுக்குகிறது என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாதல்லவா?

முதல் தடுக்கல், உகர ஊகார வரிசை. மற்ற வரிசைகளில் கொம்பும் காலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும். கு, சு, து, மு என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். நெடிலுக்கு அந்த வாலில் இன்னொரு சுழி. இதற்குப் பழக்கம்தான் மருந்து.

இரண்டாவது, ஓசை. தங்கத்திலும் பகலிலும் கப்பலிலும் ஒரே 'க'தான். ஆனால் மூன்றையும் நாம் ஒரே மாதிரியா சொல்லுகிறோம்? எழுத்துக் கூட்டுகிற குழந்தை முதலில் எல்லாவற்றையும் கப்பலாகவே வாசிக்கும். இலக்கணம் சொல்லித் திருத்த வேண்டாம். "நீ கடையில் கேட்பது மாதிரி சொல்லு" என்றால் போதும், காது திருத்திவிடும்.

மூன்றாவது, சொல்லின் நீளம். 'வீட்டிலிருந்து' என்பதை ஓர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போனால் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துவிடுகிறது. விரலால் பாதியை மறைத்து, 'வீட்டில்' என்று காட்டி, பிறகு 'இருந்து' என்று காட்ட வேண்டும். தமிழில் நீளமான சொற்கள் பெரும்பாலும் ரயில்வண்டி மாதிரி. பெட்டிகளைக் கழற்றலாம், மாட்டலாம்.

அண்ணாச்சி பரணிலிருந்து ஒரு பழைய கதைப் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். அதிலே 'யானை' என்ற சொல்லில் 'னை'க்குத் தும்பிக்கை தூக்கியிருந்தது. பெண் அதைப் புது எழுத்து என்று நினைத்து மலைத்துப் போனாள். 1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அந்தத் தும்பிக்கை போய்விட்டது. தாத்தாவின் புஸ்தகம் நல்ல புஸ்தகம்தான். ஆனால் அதைத் தாத்தாதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இவை மூன்றும் சில்லறைச் சங்கடங்கள். பெரிய சங்கடத்தை அவளே சொன்னாள். புஸ்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இதுல நம்ம மாதிரி யாரும் பேசமாட்டுக்காவ" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலிக் குழந்தைக்கு 'வந்தாவ' என்பது தாய்மொழி. புஸ்தகத்தில் 'வந்தார்கள்' என்று இருக்கிறது. எழுத்துக்களைப் பிழையில்லாமல் கூட்டி முடித்தாலும், கிடைப்பது அவள் யார் வாயிலும் கேட்காத ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் அவள் வாயடைத்துப் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று தோன்றியது.

நியூஸிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிய சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற அம்மாள் இதே சங்கடத்தைப் பார்த்தவர். குழந்தையின் மனசில் எந்தச் சொல் கிடந்து தவிக்கிறதோ அதையே கேட்டு வாங்கி, அட்டையில் எழுதி, அதையே முதல் வாசகமாகக் கொடுத்தார். 1963-ல் வெளிவந்த அவருடைய புஸ்தகம் உலகெங்கும் ஆசிரியர்களிடம் போயிற்று. அதை நினைவில் வைத்துக்கொண்டு, "குழந்தை சொல்லுவதை அப்படியே எழுதிக் காட்டுங்கள்" என்று தாயாரிடம் சொன்னேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் ஓயாமல் பேசுவார்கள். அதைத்தான் பெண் சொன்னாள். தாயார் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

"ஆத்துல வெள்ளம் வந்துட்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டு. சாமிய மேல் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாவ. எங்க பூனைய யாரும் தூக்கல. அது தானா மச்சுல ஏறிட்டு."

இந்த ஐந்து வரியை அவள் அன்றைக்கு எத்தனை தடவை வாசித்தாள் என்று கணக்கில்லை. தாத்தாவுக்கு வாசித்தாள், ஆச்சிக்கு வாசித்தாள், சம்பந்தப்பட்ட பூனைக்கும் வாசித்தாள். மறுநாள் தாயார் அடுத்த பக்கத்தில் அதையே 'ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது' என்று புஸ்தகத் தமிழில் எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "இது கல்யாணத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு" என்றாளாம். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது?

இன்னும் இரண்டு யோசனைகளும் சொன்னேன். ஒன்று, குழந்தை தானே வாசிக்கத் தொடங்கியதும் நாம் கதை சொல்லுவதை நிறுத்திவிடுகிறோம். அது கூடாது. அவள் தானாக வாசிப்பது அவள் சக்திக்கு ஒரு படி கீழே இருக்கட்டும்; நாம் வாசித்துக் காட்டுவது இரண்டு படி மேலே இருக்கட்டும். கீழ்ப்படியில் தைரியம் வரும். மேல்படியில் ஆசை வரும். மற்றொன்று, ஒரே புஸ்தகத்தைப் பத்துத் தடவை கேட்டால் பதினோராவது தடவையும் கொடுக்க வேண்டும்.

புஸ்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா' நின்று பல வருஷங்கள் ஆகின்றன; அந்த ஏக்கம் நமக்கு, குழந்தைகளுக்கு இல்லை. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று படத்தோடு வரும் நேரு பால புஸ்தகாலயத்தின் வெளியீடுகள் இருக்கின்றன. 'தூலிகா' போன்ற பதிப்பகங்கள் நல்ல தமிழ்ப் படப் புஸ்தகங்கள் போடுகின்றன. பாளையங்கோட்டையிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. குழந்தை தன் கையால் எடுக்கட்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் நீதிக்கதையாகவே எடுப்போம்.

போன மாதம் அண்ணாச்சி பேத்தியைத் திருச்செந்தூர் ரயிலில் அழைத்துப் போனார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப் பலகையை வாசிப்பது என்று ஏற்பாடு. பாளையங்கோட்டை சுலபமாகப் போயிற்று, தெரிந்த ஊர்தானே. செய்துங்கநல்லூரில் 'செய்துங்க' வரைக்கும் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பலகை கண்ணுக்கு மறைவதற்குள், "நல்லூர்!" என்று கத்தினாளாம். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள். அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை; அடுத்த ஸ்டேஷன் எப்போது வரும் என்று அவர்களையே கேட்டாள்.

அடுத்த ஊர்களும் சின்னப் பெயர்கள் இல்லை. ஸ்ரீவைகுண்டம் இருக்கிறது, ஆழ்வார்திருநகரி இருக்கிறது. ஜூன் மாதத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது.