கொற்கையின் குடிகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள் பழையகாயல், ஆத்தூர் வழியே விரைந்துவிடுகின்றனர். அச்சாலைக்கு மேற்கே, வயல்களுக்கும் வாழைகளுக்கும் நடுவே கொற்கை என்னும் சிற்றூர் அமைதியாக இருக்கிறது.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுவே. கிரேக்கர் இதனைக் 'கொல்கோய்' என்று குறித்தனர். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது.

அத்துணைப் பெரிய பட்டினம் சிற்றூரானதற்குக் காரணம் தாமிரபரணித் தாயே. அவள் கொணர்ந்து சேர்த்த வண்டலால் கடல் சுமார் 6 கிலோமீட்டர் விலகிற்று. கடலை நம்பிய மக்கள் கடலின் பின்னே சென்றனர். முதலில் காயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அதனையே. அங்கும் மண் மேடிடவே புன்னைக்காயல், பின்னர் தூத்துக்குடி.

குடிகள் பெயர்ந்தாலும் தெய்வங்கள் பெயரவில்லை. அக்கசாலை என்பது பொன்வேலையும் நாணயம் அடித்தலும் நடந்த இடம். அச்சாலை மறைந்தும், அக்கசாலை விநாயகர் அப்பெயரைக் காத்து அமர்ந்திருக்கிறார். வெற்றிவேல் அம்மனும் அங்கேயே அருள்பாலிக்கிறாள்.

அந்த அம்மனே எங்கள் குலதெய்வம். என் பாட்டனார் அப்பகுதியிலிருந்து தூத்துக்குடி உப்பளத்திற்கு வேலைக்குச் சென்றவர். என் தந்தைக்குத் துறைமுகத்தில் பணி. எனக்கு வங்கியில் உத்தியோகம். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் குடும்பமும் கடலைத் தொடர்ந்தே சென்றிருக்கிறது.

பேரனுக்கு முடியிறக்க வந்தபோது, "அப்பா, திருச்செந்தூரிலேயே முடித்துவிடலாமே, அங்கே தங்க வசதியிருக்கிறது" என்றான் மகன். முருகன் சந்நிதியில் செய்வது குறையன்று. ஆயினும், "முதலில் அம்மனிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுப் போவோம்" என்றேன். அரைமனத்தோடு வந்தான்.

பூசாரி குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டபடி, "உப்பளத்துக்குப் போன தாத்தா வீட்டுப் பிள்ளையா, அண்ணாச்சி?" என்று கேட்டார். மகன் வியந்து என்னை நோக்கினான். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுச் சென்றவரை அந்தக் கோயில் மறக்கவில்லை. முடியை அங்கேயே இறக்கலாம் என்று அவனே சொன்னான்.

மக்கள்தொகைக் கணக்கு ஊரில் தங்கியிருப்போரை மட்டுமே எண்ணும். அம்மன் பிரிந்து சென்றோரையும் தன் குடிகளாகவே வைத்திருக்கிறாள். ஆனால் வழி தெரிந்த நாம் அழைத்துச் செல்லாவிடில், பேரப்பிள்ளைகள் அங்கு எவ்வாறு போய்ச் சேர்வர்? அன்பர்களே, நம் கால்களில் தெம்பு உள்ளபோதே அவர்களைப் பூர்வீக ஊருக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, ஒரு விளக்கேற்றி வருவோம்.