முந்நூற்றொன்று: பெயரில் மட்டும் மிஞ்சிய எண்ணிக்கை

இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் ஊராட்சியில் ஒரு குடியிருப்புக்கு 301 காலனி என்று பெயர். சாமி பெயரும் இல்லை, தலைவர் பெயரும் இல்லை. அரசு கொண்டுவந்து அமர்த்திய குடும்பங்களின் கணக்கே ஊர்ப் பெயராகிவிட்டது. எண்ணிக்கை இருக்கிறது, ஆட்களில் பெரும்பாலோர் இல்லை.

காலனியின் வேர் 2001-இல் இருக்கிறது. நிலம் கேட்டு, சி.கே. ஜானு தலைமையில் பழங்குடியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடிசை போட்டு 48 நாள் உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில் கேரள முதல்வர் ஏ.கே. அந்தோணியின் அரசு இறங்கிவந்தது. அதைத் தொடர்ந்து 2002-03-இல் மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இங்கே தலா ஓர் ஏக்கர் கிடைத்தது. கேட்டது நியாயம், கொடுத்த இடம்தான் வினை.

அருகிலிருக்கும் நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனையிறங்கல். தமிழ்க் காதுக்கு இதற்கு அகராதி தேவையில்லை. யானைகள் மலையிலிருந்து இறங்கி, நீர் குடித்து, சில சமயம் நீந்தியே மறுகரை ஏறும் தடம் அது. மனிதரைக் குடியமர்த்தினால் மோதல் வரும் என்று மூணாறு வனக்கோட்ட அதிகாரி அப்போதே எழுதி எச்சரித்தார். அதே 2003-இல் பக்கத்து மதிகெட்டான் சோலையைக் காக்க அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யானைகள் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வாழை போயிற்று, சுவர் போயிற்று, உயிர்களும் போயின. கான்கிரீட் வீடு இருந்தவர்கள் அதன் மொட்டைமாடியில் தகரமும் தார்ப்பாயும் கொண்டு குடில் போட்டு, இரவில் ஏணி வைத்து ஏறிப் படுத்தார்கள். கீழே வீடு, மேலே வாழ்க்கை. முடியாதவர்கள் பட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் கதவும் கூரையும் இல்லை. முற்றத்தைப் புல் மூடிவிட்டது. கோட்டைகள் இப்படிப் பாழாக நூற்றாண்டுகள் எடுக்கும். இதற்கு இருபது ஆண்டு போதுமாயிருந்தது.

வெளியுலகம் இந்த ஊரை அறிந்தது ஒரு கொம்பன் யானையால். வீட்டையும் பன்னியார் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்றதால் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. 2023-இல் அதைப் பிடிக்கும் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, யானை வாழும் இடத்தில் ஆட்களை ஏன் குடியேற்றினீர்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு யானையைப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அது மலை கடந்து மே இறுதியில் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்து, பின்னர் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது.

அரிக்கொம்பன் போனாலும் சக்கக்கொம்பன் உள்ளிட்ட யானைகள் சின்னக்கானலில் நடமாடிக்கொண்டுதான் இருந்தன. மீதமிருக்கும் சில குடும்பங்கள் காலனியில் இன்னும் விளக்கேற்றுகின்றன.