முண்டந்துறையில் ஓர் இரவு

என் வாப்பா மேலப்பாளையத்தில் தறி நெய்தவர். ஒளுச் செய்து மிஞ்சும் நீரையும் முருங்கைக்கே ஊற்றுவார். பாளையங்கால்வாயில் வரும் தாமிரபரணி நீர் பிறக்கும் மலையைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அக்குறை தீர, மகனுடன் முண்டந்துறை வனத்துறை விடுதியில் ஓரிரவு தங்கினேன்.

1988-இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். இருட்டியபின் வெளியே செல்லலாகாது என்றார் காவலர். “புலியைக் காணோமே, வாப்பா!” என்று சலித்துக்கொண்டான் மகன்.

இரவில் மழை பெய்து ஓய்ந்தது. விடிந்த பின்னும் இலைகள் சொட்டிக்கொண்டேயிருந்தன. சருகை விலக்கி மண்ணைத் தொடச் சொன்னேன்; பஞ்சுபோல் நனைந்திருந்தது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் காடு இப்படித்தான் உள்வாங்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுகிறது. கோடையிலும் ஆறு ஓடுவது அதனாலன்றோ!

மகன் ஓடைநீரை அள்ளி முகர்ந்தான். “இந்தத் தண்ணீரா நம் கால்வாயில் அப்படி நாறுகிறது?” என்றான்.

எனக்கு விடை வரவில்லை. வீட்டுக் குளியலறைக் குழாயைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டவன் நானே. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை அடைத்தேன். அந்நீர் இப்போது வாப்பா வைத்த முருங்கையடியில் சேர்கிறது.