திருத்திப் படிக்கவும்

கதை எழுதிப் பிழைக்கிறவனை ஊரார் வேறு எதற்கு மதிக்கிறார்களோ இல்லையோ, மனு எழுதுவதற்கு மதிக்கிறார்கள். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் மின்சாரக் கம்பம் எல்லாம் என் திண்ணைக்கு வந்திருக்கின்றன. "நாவலே எழுதுகிறவர், நாலு வரி எழுதித் தரமாட்டாரா?" என்பது அவர்கள் கட்சி. நாவலைவிட நாலு வரி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து என்னைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவருக்கு. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக வந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. ஆனால், திண்ணையில் உட்காரச் சொன்னபோது கூட ஒரு கணம் விறைப்பாக நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். பட்டாளத்திலிருந்து விடைபெறும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம் அது.

"இதுல நான் சண்டைக்கே போவலைன்னு இருக்குது, தம்பி. அதைச் சரி பண்ணணும்."

1971 டிசம்பர்ச் சண்டையைத்தான் சொன்னார். அந்தச் சண்டைக்காக இந்திய சர்க்கார் சில பதக்கங்களை ஏற்படுத்தியது. மேற்குப் போர்முனையில் நின்றவர்களுக்குப் பச்சிமி ஸ்டார், கிழக்கே நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், அக்காலத்தில் பணியிலிருந்தவர்களுக்குச் சங்கிராம் மெடல். எதிரியின் குண்டில் காயம்பட்டவர்களுக்கென்று தனியே ஒரு காயப் பதக்கமும் உண்டு. பெரியவரின் புத்தகத்தில் சங்கிராம் மெடல் மட்டும் இருந்தது. மேற்கு முனையின் நட்சத்திரமும் இல்லை. காயத்தின் பதக்கமும் இல்லை. ஆனால் காயம் இருந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். இடது கெண்டைக்கால் சதையில் ஒரு பிடி அளவுக்குக் குழி.

எனக்கு ஒரு சந்தேகம். வீரச் செயலுக்கான விருதுகளுக்கு மாதாமாதம் சன்மானம் உண்டு. போர்முனையில் நின்றதற்கான நட்சத்திரத்துக்குக் காலணா கிடையாது. ஐம்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு இந்த அலைச்சல்? சற்று அலுப்போடுதான் கேட்டேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புக்காட்டு ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவனும் இவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். பட்டாளத்தில் ஒருவன் 'மலை', மற்றவன் 'கரும்பு'. சக்கர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில், கண்ணிவெடி புதைத்த வயலைக் கடக்கும்போது அவன் கால் ஒன்றின்மேல் பட்டுவிட்டது. விடிகிறவரை இவர் அவன் பக்கத்திலேயே கிடந்தார். தண்ணீர் கேட்டான், கொடுத்தார். விடியும் நேரத்தில் அவன் போய்விட்டான். பொழுது ஏறியபின் ஒரு ஷெல் துண்டு இவர் காலையும் கிழித்துக்கொண்டு போயிற்று.

லீவு கிடைத்ததும் இவர் முதலில் மலைக்குப் போகவில்லை. அவன் தாயாரிடம் போனார். "கடைசியா நான்தாம்மா தண்ணி குடுத்தேன்" என்றார். அந்த அம்மாள் சாகிறவரை பொங்கலுக்குப் பொங்கல் இவருக்கு வேட்டி எடுத்து வைத்தாள். அவள் போன பிறகும் அந்த வீட்டில் இவருக்கு ஒரு தட்டு உண்டு.

போன வருஷம் பேரனின் கல்லூரி விண்ணப்பத்துக்காக இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே இங்கிலீஷ் படித்த ஒரு பையன் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தான். பக்கத்தைப் புரட்டியவன், "தாத்தா, சண்டைக்கு முன்னாலேயே நீங்க டிப்போவுக்கு வந்துட்டதா போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டான்.

"யாரும் ஒண்ணும் சொல்லல, தம்பி. காபி குடுத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் யாரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல" என்றார் பெரியவர். பிறகு, "நான் அங்க இல்லேன்னா, அவனுக்குத் தண்ணி குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பேனாவை எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன். எடுத்ததுதான் பிசகு. இரவெல்லாம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். குண்டுமழை பொழிந்தது, டாங்கிகள் கர்ஜித்தன, கல்வராயன் மலையின் வீரப் புதல்வர் சிங்கம்போல் பாய்ந்தார். மறுநாள் படித்துக் காட்டினேன். பெரியவர் முடிகிறவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பாயல, தம்பி. படுத்துத்தான் கெடந்தேன். கண்ணிவெடி வயல்ல எவனாவது பாய்வானா?" என்றார். "நடந்ததுக்குக் காகிதம் பொய் சொல்லுதுன்னு உங்ககிட்ட வந்தேன். நீங்க நடக்காததை எழுதறீங்களே!"

நாற்பது வருஷமாக எழுதுகிறேன். எந்த விமரிசகரும் என்னை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, புத்தகத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். பட்டாளத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கை காகிதத்தில்தான் நடக்கிறது. லீவு, மாற்றல், காயம், கல்யாணம், குழந்தை எதுவானாலும் அவனுடைய படைப்பிரிவு 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியிட வேண்டும். அதைப் பார்த்து ஆவணக் காரியாலயம் அவனுடைய 'ஷீட் ரோல்' ஏட்டில் பதியும். உத்தரவில் இல்லாதது ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதது உலகத்தில் இல்லை.

டிப்போவில் சேர்ந்த தேதி 22-11-71 என்று புத்தகம் சொல்லிற்று. சண்டை தொடங்கியது டிசம்பர் 3. பெரியவரின் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மடித்து மடித்து நாலாகப் பிரிந்துபோன ஒரு சீட்டு விழுந்தது. ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டு: சேர்ந்தது 17-12-71, வெளியேறியது 18-1-72, இடது காலில் ஷெல் காயம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு நாள் கழித்து டிப்போவுக்குப் போயிருந்தால் தேதி 22-1-72 அல்லவா? யாரோ ஒருவர் '1' என்பதற்கு '11' என்று அடித்துவிட்டார். அடுத்தவர் 22-11-72 என்பதைப் பார்த்திருக்கிறார். இன்னும் வராத தேதி ஆயிற்றே என்று, பொறுப்போடு வருஷத்தைத் திருத்தி 71 ஆக்கியிருக்கிறார். இது என் ஊகம். ஆனால் வேறு எப்படியும் கணக்கு நேராகவில்லை. ஒருவர் செய்த பிழையையும் இன்னொருவர் செய்த திருத்தத்தையும் சேர்த்து, ஒரு மனிதனைப் போர்க்களத்திலிருந்தே அப்புறப்படுத்திவிட்டது.

இதெல்லாம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து ஆவணக் கிடங்கில் 1973 ஜூலை 12-ஆம் தேதி பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சிப்பாய்களின் ஏடுகள் அழிந்தன. பிழையே இல்லாமல், மனசறிந்து மறைத்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கறுப்பு இனத்துச் சிப்பாய் ஒருவருக்குக்கூட அந்நாட்டின் தலையாய வீர விருது கொடுக்கப்படவில்லை. 1997-ல்தான் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அப்போது உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 1945-ல் இத்தாலியில் செய்த காரியத்துக்கு எழுபத்தேழாம் வயதில் பதக்கம் வாங்கினார். அதே இத்தாலியில், 1944-ல், நம் காஞ்சிபுரத்துப் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடியின்மேல் தம்மையே கவிழ்த்துக்கொண்டு மற்றவர்களைக் காத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. கண்டவர்கள் இருந்தார்கள், எழுதினார்கள், எழுதியது போய்ச் சேர்ந்தது. மூன்றில் ஒன்று தவறினாலும் நமக்கு அவரைத் தெரிந்திருக்காது.

பெரியவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: காகிதத்தில் இவ்வளவு அக்கறை எப்படி வந்தது? அவர் சிரித்தார். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் அந்த மலையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. தேசத்தின் எல்லையைக் காக்க இவர் பசந்தர் ஆற்றங்கரையில் கிடந்தபோது, இவருடைய தகப்பனார் மலையில் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு நெலத்துக்குக் காகிதம் கெடையாது, பொறந்ததுக்குக் காகிதம் கெடையாது. எங்க வம்சத்துல பேரு எழுதின மொதல் காகிதம் இதுதான்" என்று புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். "அதுலயா தப்பு இருக்கணும்?"

மனுவை மறுபடி எழுதினேன். ஒரே பக்கம். படை எண், பெயர், தவறான தேதி, சரியான தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். சிங்கம் இல்லை, மழை இல்லை. பெரியவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார். முன்னாள் படைவீரர்களின் மனுக்களை வாங்கி அனுப்பும் காரியாலயத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். இரண்டு மாதத்தில் அசல் சீட்டைக் கேட்டார்கள். அனுப்ப அவருக்கு மனமில்லை, அனுப்பினார். பிறகு மௌனம். மாதம் ஒரு முறை கடுக்காயோ சாமையோ ஒரு பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏதாவது வந்துச்சா, தம்பி?" என்று கேட்டுப் போவார்.

பதினோராவது மாதம் பதில் வந்தது. பதக்கங்களைப் பற்றி, உரிய இடத்துக்கு எழுதியிருப்பதாக ஒரு வாக்கியம். அதற்கு மேலே ஒரே ஒரு வரி: '22-11-71 என்பதை 22-1-72 எனத் திருத்திப் படிக்கவும்.'

அசல் சீட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரியவர் அதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தினார். அப்புறம், "அந்த வரியைத் தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். கீழே இன்னும் ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கை துடித்தது. சேர்க்கவில்லை. அவர் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நட்சத்திரமும் வந்துவிடும், ஐயா" என்றேன்.

"வரட்டும்" என்றார்.

பஸ் நிலையம் வரை கூடப் போனேன். வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய், சின்னசேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.