பற்று விட்ட பாய்லர்

2022 ஜூன் மாதம் உதகமண்டலத்திற்கு மாறுதலாகி வந்தபோது எங்களுக்குக் கிடைத்த வீடு, யாரும் நெடுநாள் கவனிக்காமல் விட்ட வீடு. சுவர்களில் இடுப்பளவு ஓதம் ஏறியிருந்தது. தகரக் கூரை இரண்டு இடங்களில் ஒழுகியது. சன்னல்களோ மூடினால் திறக்கமாட்டா, திறந்தால் மூடமாட்டா. வீட்டுக்காரர் கோவையில் இருப்பவர். இவற்றைப் பற்றி நான் வாய் திறக்குமுன் குளியலறைக்கு அழைத்துச் சென்று ஒரு செம்புப் பாய்லரைக் காட்டினார். "எங்கப்பா வாங்குனதுங்க சார். இந்தக் கனத்துல இப்பக் கெடைக்காதுங்க" என்றார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

பாய்லர் என்றதும் மின்சாரக் கீசரை நினைத்துக்கொள்ளும் தலைமுறைக்காகச் சில வரிகள். அது செம்புத் தகட்டால் ஆன உருளை. நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு புகைக்குழாய். குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட வெளியில் தண்ணீர் நிற்கும். அடியில் கம்பித்தட்டு, அதில் கரியோ விறகோ கொட்டாங்கச்சியோ எரியும். தணல் நடுக்குழாய் வழியே ஏறும்போது சுற்றி நிற்கும் தண்ணீர் சூடாகும். தகடுகளை இணைத்து நிற்பது பற்று. தண்ணீர் உள்ளவரை அந்தப் பற்றை நெருப்பு ஒன்றும் செய்யாது, சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுவிடும். தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைத்தால் சூடு முழுவதும் உலோகத்தில் இறங்கிப் பற்று உருகிவிடும். கும்பகோணத்தில் வளர்ந்த என் அம்மாவுக்கு இது பால்யத்திலேயே தெரிந்த பாடம். முதல் நாளே என்னிடம் சொல்லவும் செய்தார்.

டிசம்பர் மாதத்து விடியற்காலை. புல்வெளியில் உறைபனி உப்பைக் கொட்டியதுபோல் கிடந்தது. முதல் வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு கடைசிச் சொட்டுவரை பிடித்துவிட்டு நிரப்ப மறந்ததை நினைவில் கொள்ளாமல், சீகை விறகை அடுக்கித் தீ மூட்டிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஏதோ கருகும் வாடை வந்து ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றியபோது, அது சீறிக்கொண்டு அடிவழியே இறங்கி நெருப்பை அணைத்துச் சாம்பல் குழம்பாகத் தரையெங்கும் பரவிற்று.

அம்மா வந்து நின்றார். "பழைய சாமான். பற்று விட்டுப்போச்சு போலிருக்கு" என்றேன். அவர் குனிந்து, கறுத்துப்போன அடித்தகட்டைப் பார்த்தார். பிறகு, "ஆமா, பழசுதானே" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துவந்தார்.

அன்று தொடங்கி மூன்று வாரம் அந்தப் பொய்யில் நான் வசதியாகக் குடியிருந்தேன். ஓய்வறையில் நண்பர்களிடம் வீட்டுக்காரரின் அலட்சியத்தைப் பற்றிச் சொன்னேன். ஓதமும் ஒழுகலும் உண்மை. அவற்றின் வரிசையில் பாய்லரையும் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சுருள்கம்பி ராடு ஒன்று வாங்கினேன். 1,500 வாட்; ஆறரை ஆம்பியர் இழுக்கக்கூடியது. அந்த வீட்டின் பழைய வயர்கள் தாங்காமல் பியூஸ் போயிற்று. அதையும் வீட்டுக்காரர் கணக்கில் எழுதினேன்.

அவரிடம் வாதாடுவதற்காக, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தையும் படித்தேன். யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. குழாய் மாற்றுவதும் மின்வயர்களும் உரிமையாளர் பொறுப்பு. கீசர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. செம்புப் பாய்லரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதில் சிறிது மகிழ்ந்தேன். ஆனால் கட்டடப் பழுதுகளைச் சொல்லும் இடத்தில், குடியிருப்பவர் விளைவித்த சேதம் நீங்கலாக என்றொரு விலக்கு இருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை.

இதற்கிடையே அம்மா விடியுமுன் எழுந்து கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் நிறைய எனக்கு வெந்நீர் வைத்துவிடுவார். முதல் குண்டானில் தான் குளித்தாயிற்று என்பார். ஒருநாள் வழக்கத்திற்கு முன்னரே விழித்துவிட்டேன். குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை. சமையலறைக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை, குண்டான் சில்லிட்டிருந்தது. கதவைத் திறந்து வந்த அம்மாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

"எனக்குப் பச்சத்தண்ணிதான் தம்பி பழக்கம்" என்றார்.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருபவன் நான். முன்பனி எழுபது வயது உடம்பில் என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கேஸ் தீர்ந்துவிடும் என்பதற்காக மட்டும் அவர் அப்படிச் செய்யவில்லை. வெந்நீர் இல்லை என்று குறைசொன்னால் பாய்லர் பேச்சு வரும். பேச்சு வந்தால் நான் மீண்டும் பொய் சொல்ல வேண்டிவரும். அது எனக்கு நேராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று காலையே வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்துத் தண்ணீரில்லாமல் நெருப்பு வைத்தது நான்தான் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "எங்கப்பாவே ரெண்டு தடவ அப்பிடி வெச்சுருக்காருங்க. பத்து வெச்சாச் சரியாப் போயிருமுங்க. இதுக்கா மூணு வாரம்?" என்றார். அந்தத் துணிவில் வயர்களைப் பற்றியும் கூரையைப் பற்றியும் சொன்னேன்.

சனிக்கிழமை பாய்லரைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் கோவைக்குக் கொண்டுபோனேன். அதற்கும் தனியாக லக்கேஜ் டிக்கெட். பாத்திரப் பட்டறைக்காரர் பழைய பற்றைச் சுரண்டி, அடித்தகட்டைப் புதிதாகப் பற்றவைத்து, ஒரு மணி நேரம் தண்ணீர் நிரப்பிவைத்துக் காட்டினார். சொட்டவில்லை. கூலியை நான் கொடுத்தேன். வயர்களை வீட்டுக்காரர் அடுத்த மாதம் மாற்றித்தந்தார். கூரை மட்டும் நாங்கள் காலிசெய்யும்வரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை முதல் வெந்நீரில் அம்மா நெடுநேரம் குளித்தார். அந்த மூன்று வாரங்களைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வீட்டைக் காலிசெய்த அன்று, அடுத்து வருபவர்களுக்காகக் குளியலறைக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டிவைத்தேன். 'முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு' என்று எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரி: 'எது கெட்டாலும் அன்றைக்கே சொல்லிவிடவும்.'