சந்தேஷ் என்றால் சேதி

கல்கத்தாவில் காதலர் தினம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். பிப்ரவரி 14 உலகத்துக்கே பொது. இன்னொன்று சரஸ்வதி பூஜை! நம்ம ஊரில் சரஸ்வதி பூஜை என்றால் நவராத்திரி, பொரிகடலை, சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு. இங்கே அது வசந்த பஞ்சமியில் வருகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடக் கூடாது. பூஜை முடியும்வரை இலந்தைப் பழத்தையும் தொடக் கூடாது. காலேஜ் பெண்கள் மஞ்சள் புடவையில், பையன்கள் ஜிப்பாவில், ஜோடி ஜோடியாக ஊர் சுற்றுவார்கள். வீட்டில் யாரும் திட்ட மாட்டார்கள். 2024ல் இந்த ரெண்டும் ஒரே நாளில் வந்தது. பிப்ரவரி 14, புதன்கிழமை. பூஜைக்காக இங்கே பேங்குக்கும் லீவு.

அந்த வாரம் தங்கமணி திருச்சியிலிருந்து வந்திருந்தாள். ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு என் டிரான்ஸ்பர் ஆர்டர் பின்னாடியே ஓடி வா என்று சொல்ல முடியுமா? நான் இங்கே, அவள் அங்கே, பெண் கோயமுத்தூர் ஹாஸ்டலில். எங்க மாமியார்தான் தங்கமணிக்குத் துணையாக இருந்தார். அவரும் 2023 ஐப்பசியில் தவறிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் போன் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு. கேஸ் புக் பண்ணிட்டேன். கரண்ட் பில் கட்டிட்டேன்." அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நானும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

எங்க பக்கத்தில் வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது, பலகாரத்துக்கு அடுப்பில் சட்டி ஏறாது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. தீபாவளியும் போச்சு, பொங்கலும் போச்சு. நான் ஸ்வீட் பண்ணப் போகிறேன் என்றதும், "என்னங்க, வருஷம் திரும்பல, தெரியாதா?" என்றாள். "காதலர் தினம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கு, காட்டு பார்ப்போம்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆடிட்டில் இதை அனுமதி என்றுதான் எடுத்துக்கொள்வோம் :-)

பண்ணியது சந்தேஷ். பக்கத்து ஃபிளாட் மாஷிமா சொல்லிக் கொடுத்தது. (மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இங்கே வயதான அம்மாக்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) பாகு பதம் பார்க்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம். என்னை மாதிரி பி.காம். ஆசாமிக்குத் தோதான ஸ்வீட். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

கொழுப்பு எடுக்காத பால் ஒரு லிட்டர். நன்றாகப் பொங்கியதும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, ரெண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் திரிந்து தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, புளிப்புப் போகப் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. மூட்டையாகக் கட்டி முக்கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். இதுதான் சானா. பன்னீர் மாதிரி மேலே கல்லை வைத்து அழுத்தக் கூடாது. ஈரம் சுத்தமாகப் போய்விட்டால் சந்தேஷ் உதிர்ந்துவிடும்.

சுமார் 200 கிராம் சானா கிடைக்கும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பத்து நிமிஷம் தேய்த்துப் பிசையுங்கள். கையில் திப்பி தட்டக் கூடாது, லேசாக நெய்ப்பசை வரவேண்டும். மொத்த வேலையும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. பிறகு 50 கிராம் வெல்லம் சேர்த்து, அடி கனமான வாணலியில், சின்னத் தீயில் கிளறுங்கள். ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் இறக்கிவிட வேண்டும். அஞ்சாறு நிமிஷம் போதும். ரொம்ப நேரம் விட்டால் இறுகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் உருட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. பன்னிரண்டு, பதின்மூன்று வரும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ரெண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

வெல்லம் என்றேனே, அது நொலேன் குட். குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, ராத்திரி முழுக்கப் பானையில் சொட்டும் சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுவது. கட்டியாக விற்பதற்குப் பாட்டாலி என்று பெயர். வெயில் ஏறினால் இந்த வாசனை கிடைக்காது. இங்கே இல்லாதவர்கள் சர்க்கரைப் பொடியும் ஏலக்காயும் போட்டுப் பண்ணலாம், தப்பில்லை. நம்ம கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, கெட்டிப் பாகாக்கியும் சேர்க்கலாம்.

தட்டை நீட்டினேன். தங்கமணி முதலில் முகர்ந்து பார்த்தாள். "கருப்பட்டி வாசனை மாதிரி இருக்கு. அம்மா கருப்பட்டிக் காபிதான் குடிப்பாங்க" என்றாள். அப்புறம் அம்மாவின் கடைசிப் பத்து நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா என்ன கேட்டார், ராத்திரி யாரைக் கூப்பிட்டார், திருச்சி வீட்டில் இப்போது எந்த அறைக்குள் இவள் போவதில்லை... எல்லாம். மூன்று மாசமாகப் போனில் வராதது. நான் நடுவில் ஒன்றும் பேசவில்லை. கீழே பந்தலில் தாக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

வங்காளியில் சந்தேஷ் என்றால் சேதி என்றும் அர்த்தம். உறவுக்காரர் வீட்டுக்குச் சேதி சொல்லப் போகிறவர் கையில் இனிப்போடு போவாராம், அதனால் வந்த பெயர் என்று மாஷிமா சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் சேதி அவள் பக்கமிருந்துதான் வந்தது.

வெளியூரில் தனித்தனியாக இருக்கும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்வேன். ரோஜாவும் கிரீட்டிங் கார்டும் கடையில் கிடைக்கும், வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு லிட்டர் பாலும் கொஞ்சம் நேரமும் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். முக்கியமாக, தட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்திலேயே உட்காருங்கள்.

பி.கு.: மாஷிமாவுக்கு நாலு கொடுத்தேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் பிசைந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாலையும் சாப்பிட்டுவிட்டார்!