விருந்தாய்ச் செல்வோர் ஒழுக்கம்

விருந்தோம்பலுக்கெனத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். விருந்தாய்ச் செல்பவர்க்குரிய ஒழுக்கத்தைப் பற்றியோ நாம் அதிகம் சிந்திப்பதில்லை. மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம்மவர் மேற்கொள்ளும் புனித நாட்டுப் பயணத்தில் எகிப்தும் சேர்ந்திருப்பதுண்டு. பிரமிடுகளைக் காண ஆயத்தமாகும் நாம், அந்நாட்டு மக்களைச் சந்திக்க ஆயத்தமாகிறோமா?

அங்கு வெள்ளிக்கிழமையே வார விடுமுறை. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்னும் வாழ்த்து, நம் இஸ்லாமிய அண்டை வீட்டாரிடம் நாம் கேட்டுப் பழகியதே. 'உங்கள் மீது அமைதி உண்டாகுக' என்ற அதன் பொருள், திருப்பலியில் நாம் பரிமாறும் வாழ்த்திற்கு அந்நியமன்று. ரமலான் மாதத்தில் பகலில் தெருவில் நின்று உண்பதைத் தவிர்ப்பது பண்பு. எதையும் வலக்கையால் கொடுத்து வாங்க வேண்டும். சிறு உதவிக்கும் 'பக்சீசு' எதிர்பார்ப்பர். சில்லறை வைத்திருத்தல் நலம். அன்போடு தரும் தேநீரை மறுக்கலாகாது. மசூதிக்குள் காலணி களைந்து, பெண்கள் தலையை மூடிச் செல்ல வேண்டும். முந்தானையால் முக்காடிட்டுப் பூசை கண்ட நம் பாட்டிமார்க்கு இதைக் கற்பிக்க வேண்டியிராது. ரொட்டியை எகிப்தியர் 'ஐஷ்' என்பர். அச்சொல்லுக்கு வாழ்வு என்றே பொருள். சோற்றை மிதிக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அது உடனே விளங்கும்.

பழைய கெய்ரோவிலுள்ள புனித செர்ஜியுஸ் ஆலயத்தின் அடியில் ஒரு குகை உண்டு. ஏரோதுக்கு அஞ்சி வந்த திருக்குடும்பம் அங்கே தங்கியதென்பது மரபு. அவ்வாலயத்தில் நாம் நின்றிருந்தபோது ஒரு மூதாட்டி தம் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த சிலுவையைக் காட்டி, நம் கையிலிருந்த செபமாலையைச் சுட்டிப் புன்னகைத்தார். அவர் கோப்து கிறிஸ்தவர். அம்மக்கள் சனவரி 7ஆம் நாளில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுவர். ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் புலால் நீக்கி நோன்பிருப்பர். 2015இல் லிபியாவில் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்ட 21 பேரில் 20 பேர் இவர்களே. 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த 21 பேரையும் நம் திருச்சபையின் மறைசாட்சியர் வரிசையில் சேர்த்தார். 'பிரிந்த சபையார்' என்ற ஒரே சொல்லோடு இவர்களைக் கடந்து செல்வது தகுமா?

வந்தவரே முதலில் கற்க வேண்டும் என்பதை மதுரை முன்பே ஒரு விருந்தினரிடம் கண்டிருக்கிறது. 1606இல் இங்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, புலாலையும் தோல் காலணியையும் விடுத்தார். காவியுடுத்தித் தமிழும் வடமொழியும் பயின்றார். எதிர்ப்புகள் எழுந்தன. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறையை அனுமதித்தார். சாதி வேற்றுமைக்கு அவர் இடங்கொடுத்தார் என்னும் குறை இன்றும் பேசப்படுகிறது. அது நியாயமான கேள்வியே. மரபை மதிப்பது வேறு, அநீதியை ஏற்பது வேறு. ஆயினும், பேசுமுன் கற்றுக்கொண்ட அவருடைய பணிவு நமக்குப் பாடம்.

அகதியாய் வந்த ஒரு தச்சர் குடும்பத்திற்கு எகிப்து அன்று இடம் தந்தது. அந்த மண்ணில் கால்வைக்கும் நாம், பார்வையாளராய் அன்றி, நன்றியுள்ள விருந்தினராய்ச் செல்வோமாக.